அழாத பெண்கள்

பிடிஎஸ்டி என்றதும் நமக்கு வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்தான் ஞாபகத்துக்கு வருவான். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அந்த நோயை அங்கீகரித்ததில் முன்னாள் சிப்பாய்களின் போராட்டத்துக்குப் பெரிய பங்குண்டு. ஆனால் நான் இந்த வரலாற்றை பாஸ்டனில், ஏழைகள் அதிகம் வரும் நகர மருத்துவமனையில் தொடங்குவேன்.

1972 ஜூலை. மனநலச் செவிலியர் ஆன் பர்ஜஸும் சமூகவியலாளர் லிண்டா ஹோம்ஸ்ட்ராமும் ஒரு வேலையை ஏற்றுக்கொண்டார்கள். வல்லுறவுக்கு ஆளாகி எமர்ஜென்சிக்கு யார் வந்தாலும், நடுராத்திரியானாலும், தகவல் வந்ததும் கிளம்பிப் போவது. ஒரே வருடத்தில் 146 பேர். வீடு திரும்பியவர்களோடு போனில் தொடர்ந்து பேசினார்கள். கெட்ட கனவுகள், கூட்டத்தைக் கண்டால் பயம், வீட்டை மாற்றுவது, போன் நம்பரை மாற்றுவது என்று ஒரே மாதிரியான கதைகள் திரும்பத் திரும்ப வந்தன.

என்னை உலுக்கியது வேறொன்று. ஏறக்குறைய பாதிப் பெண்கள் அழவேயில்லை. அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். ‘அழலையே, அப்போ ஒண்ணும் நடந்திருக்காது’ என்று ஊர் சொல்லும் இடம் அது. அந்த அமைதியும் அதிர்ச்சியின் ஒரு முகம்தான் என்று இருவரும் 1974இல் எழுதினார்கள்.

1980இன் வரையறை வல்லுறவையும் காரணங்களில் ஒன்றாகக் குறிப்பிட்டது. ஆனாலும் ராணுவத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு அரசே கவுன்சலிங் தர 1992இல்தான் சட்டம் வந்தது.

பாஸ்டனில் அந்த இருவரும் கொடுத்த சிகிச்சை ரொம்ப எளிது: நம்பிக் கேட்டார்கள், மறுபடி கூப்பிட்டார்கள். இன்றைக்கும் எந்த அரசு ஆஸ்பத்திரியாலும் அது முடியும். ராத்திரி ரெண்டு மணிக்கு வர ஆள் வேண்டும், அவ்வளவுதான்.