தங்கத்துக்கு ரேட், வைரத்துக்கு ஆள்

சென்னை ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு இன்னும் அதே பேரோடு இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே யூத வியாபாரிகள் குடியிருந்தார்கள். மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொண்டுவந்து இறக்குவார்கள். கோல்கொண்டா வைரத்தை ஏற்றி அனுப்புவார்கள். நான் பழைய நகைத் தரகு பார்ப்பது அந்தத் தெருவுக்குப் பக்கத்தில்தான். வைரத்தை விற்க வருகிறவர்களுக்கு இந்தப் பேட்டைக் கதை ஒன்றைச் சொல்வேன்.

1701 கடைசியில் ஜாம்சந்த் என்ற பெரிய வைர வியாபாரி, கோட்டையில் கவர்னராக இருந்த தாமஸ் பிட்டிடம் பட்டை தீட்டாத கல் ஒன்றைக் காட்டினார். எடை 410 காரட். கேட்டது 2 லட்சம் வராகன். பிட் சொன்னது 30,000. ஜாம்சந்த் எழுந்து போவார், பிறகு இறங்கி வருவார். 1702-இல் 48,000 வராகனுக்குப் படிந்தது. சுமார் 20,400 பவுண்டு.

'அதையே 1,35,000 பவுண்டுக்கு விற்றாராமே' என்று கேட்பவர் கண் விரியும். விற்றது 1717-இல் என்பது அவர்களுக்குத் தெரியாது. கல் பிட்டின் மகனோடு லண்டன் போனது. தீட்டி முடித்தபோது 141 காரட். அவ்வளவு பெரிய கல்லை ராஜாதான் வாங்க முடியும். ராஜாக்களுக்கோ யுத்தச் செலவு. நடுவில் கல் முறைகேடாக வந்தது என்று ஊர்ப்பேச்சு வேறு. வாங்கிய விதத்தை பிட் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டி வந்தது. கடைசியில் பிரான்ஸை ஆண்டுகொண்டிருந்த ஆர்லியான்ஸ் பிரபு வாங்கினார். இன்று அது லூவ்ர் மியூசியத்தில் இருக்கிறது.

தங்கத்துக்குத் தினமும் ரேட் உண்டு. எந்தக் கடையிலும் உரசி, எடை போட்டுக் காசாக்கலாம். வைரத்துக்கு வாங்கும் ஆள் வேண்டும். அதன் விலையும் தானாக நிற்பதில்லை. தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களிலிருந்து கல் கொட்டத் தொடங்கியதும், 1888-இல் உருவான டி பியர்ஸ் கம்பெனி வரத்தைக் கட்டுப்படுத்தி விலையைத் தாங்கிப் பிடித்தது. 1947-இல் வைரம் என்றைக்கும் நிலைப்பது என்று விளம்பரம் எழுதியது. என்றைக்கும் வைத்துக்கொள்பவர் விற்க வரமாட்டார். பழைய கல் சந்தைக்கு வராதவரை புதுக்கல்லின் விலைக்கும் ஆபத்தில்லை.

நம் வீடுகளில் பெருமையாகச் சொல்லும் 'ப்ளூ ஜாகர்' கல்லின் பேர் தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்திலிருந்து வந்தது. சுரங்கம் 1971-இல் மூடிவிட்டது. பாட்டி காலத்து ஏழு கல் தோடு ஒன்று என்னிடம் வந்தால் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன். கல் பதித்தது மூடின கட்டடமாக இருந்தால் கல்லின் அடிப்பாகம் தெரியாது. உள்ளே அரக்கு வேறு இருக்கும், அந்த எடையைக் கழிக்க வேண்டும். கட்டடத்தைப் பிரித்து லென்ஸில் கரும்புள்ளி பார்க்காமல் யாரும் விலை சொல்லமாட்டார்கள். அதற்கப்புறமும் வாங்குகிறவர் சில நாள் வீட்டில் வைத்து ராசி பார்ப்பார்.

செய்கூலி, சேதாரம், கடைக்காரர் லாபம் எல்லாம் முதலில் வாங்கினவர் தலையில் விழுந்தாயிற்று. விற்கிறவருக்கு அது திரும்பாது. பழசாக வாங்குகிறவருக்கு அது மிச்சம். மகளுக்கு வைரத் தோடு வேண்டுமா, பழசாகத் தேடச் சொல்லுங்கள், தேடித் தருகிறேன். கல்யாணச் செலவுக்கு அவசரமாக விற்கவேண்டுமென்றால் முதலில் தங்கத்தை எடுத்து வாருங்கள்.