சுவரில் மாட்டிய ஒரே வரைபடம்



நம் வகுப்பில் தமிழ்நாட்டு வரைபடம் ஒன்றுதான் இருந்தது, நினைவிருக்கிறதா? எல்லோரும் பார்க்கலாம், யாரும் கிறுக்கக் கூடாது. ஆனால் ஊரைத் தேடித் தேடி விரல் வைத்ததில் சங்கரன்கோவில் மட்டும் தேய்ந்தே போனது!

1972-இல் ஐ.பி.எம். அறிவித்த வி.எம்./370 மென்பொருளிலும் இதே ஏற்பாடுதான். ஒரே மெயின்பிரேம் கணினியை, ஆளுக்கொரு தனிக் கணினி இருப்பதுபோல அது காட்டியது. அன்று நினைவகம் யானை விலை. எல்லோரும் பயன்படுத்தும் சி.எம்.எஸ். நிரலை ஆளுக்கொரு நகல் வைத்தால் கட்டுப்படியாகாது. அதனால் நினைவகத்தில் ஒரே நகல். படிக்கலாம், திருத்தக் கூடாது. அவரவர் வேலை அவரவர் தனி இடத்தில்.

அந்த 370 குடும்பத்து இயந்திரம் ஒன்று 1970-களில் நம் சென்னை ஐ.ஐ.டி.யிலும் இருந்தது.

இன்று கிளவுட் வேலையில் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் தொழிலுக்குத் தாத்தா இதுதான்!