இரும்பைத் தேடிவந்த யோகம்

கோல்ஃப் கடைகளில் இப்போது 'ஃபோர்ஜ்டு' (இரும்பை அடித்துச் செய்தது) என்ற ஒரு சொல்லுக்கே விலை ஏறுகிறது. பழைய ஸ்காட்லாந்திலோ இரும்பு மட்டையைத் தொடவே யோசித்தார்கள். அன்றைய பந்து அப்படி. தோல் உறைக்குள் இறகை அவித்துத் திணித்துத் தைத்தது; கைதேர்ந்தவரும் நாளைக்கு மூன்று நான்குதான் செய்வார். இரும்பு விளிம்பு பட்டால் தையல் பிரியும். வண்டித் தடத்திலோ மணலிலோ பந்து சிக்கினால் மட்டும் இரும்பு வெளியே வரும்.

1848 வாக்கில் மலாயா மரப்பாலில் செய்த, இரும்படி தாங்கும் கட்டா பெர்ச்சா பந்து வந்தது. கொல்லர்களுக்கு யோகம்! இரும்படியில் கீறல் விழுந்த பந்துதான் நேராகப் பறக்கிறது என்று கண்டபின், புதுப் பந்தையே சுத்தியலால் கொத்தி விற்றார்கள்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் கொல்லர் டாம் ஸ்டூவர்ட்டின் முத்திரை, ஒரு சிறு புகைக்குழாய். புகழ்பெற்ற ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ் ஆடியதும் ஸ்டூவர்ட் பட்டறை இரும்புகளால்தான். அந்தக் கால இரும்பு ஒன்று என்னிடம் உண்டு. ஹிக்கரிக் காம்பு நுழையும் வாயைச் சுற்றி ரம்பப் பல் போல வெட்டு. காம்பை இறுகப் பிடிக்க.

1960களில் அச்சில் வார்த்த மட்டை வந்தது. மட்டை வடிவமைப்பாளர் கார்ஸ்டன் சோல்ஹைம் எடையை ஓரங்களுக்குத் தள்ளினார். தப்படியையும் மன்னிக்கும் மட்டை அது. அடித்துச் செய்த மட்டை 'கையில் இதம்' என்ற விற்பனைப் பேச்சில் எனக்குப் பாதி நம்பிக்கைதான். நான் அடித்துச் செய்ததை வாங்குவது வேறு காரணத்துக்கு: மெது எஃகு என்பதால், என் உயரத்துக்கேற்ப இரண்டு பாகை வளைத்துத் தருவார்கள்.