இரு நூல்கள்

நூல் என்னும் ஒரே சொல் தமிழில் இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். பனியன் நகராம் திருப்பூரில் முதற்பொருளை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. இரண்டாம் பொருள் அவ்வட்டாரச் சிறுமியர்க்கு எட்டியதா என்று கேட்கு முன், இரண்டும் ஒரே கூரையின்கீழ்க் கூடியிருந்த ஓரிடத்திற்கு வாசகரை அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

அவ்விடம் நாகர்கோயில். ஆண்டு 1819. திருவிதாங்கூர் ராணியின் ஆட்சி. பெண்ணுக்குப் படிப்பா என்று நாடே நகைத்த காலம். லண்டன் மிஷனைச் சேர்ந்த மீடு, மால்ட் ஆகிய பாதிரிமாரின் மனைவியர் அங்கே பெண்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கி வளர்த்தனர். மதம் பரப்ப வந்தவர்கள்தாமே என்பர் சிலர். ஆம், அதற்கே வந்தனர், மறுக்கவில்லை. ஆயினும், கல்விக்குத் தெய்வம் பெண் என்று கும்பிட்ட நாட்டில், பெண்ணின் கையில் ஏட்டைக் கொடுக்கக் கடல் கடந்து ஒருத்தி வரவேண்டியிருந்ததே! அதற்கு நாம் என்ன விடை வைத்திருக்கிறோம்?

மார்த்தா மால்ட் அம்மையார் எழுத்தோடு லேஸ் பின்னலையும் கற்பித்தார். ஐரோப்பியச் சீமாட்டிகள் அதை விரும்பி வாங்கினர். பண்ணையடிமைகளின் பெண்மக்களும் அப்பள்ளியில் இருந்தனர். பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தம்மை அடிமைத்தளையிலிருந்து மீட்டுக்கொண்ட பெண்களும் உண்டு. திருவிதாங்கூர் அரசு அடிமைமுறையை ஒழித்ததோ 1855இல்தான்!

அம்மட்டோ! மிஷன் பெண்கள் மார்பை மறைத்து ரவிக்கை அணிந்தனர். பொறுப்பார்களா மேல்சாதியார்? 1822இல் தொடங்கிற்று கலகம். ரவிக்கைகளைக் கிழித்தனர், பள்ளிகளுக்கும் தீயிட்டனர். ரவிக்கையின் மீது மட்டுமே சினமென்றால் பள்ளியை ஏன் கொளுத்த வேண்டும்? அத்துணிவு எங்கே பிறந்தது என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர். நாடார் பெண்கள் மேலுடை அணியலாம் என்ற அரசாணை 1859இல் வந்தது. அப்போதும், உயர்சாதிப் பெண்களைப் போல அணியலாகாது என்ற தடையோடுதான்!

இனித் திருப்பூருக்குத் திரும்புவோம். பின்னலாடைத் தொழில் அங்கே 1920களில் வேரூன்றியது. ஏற்றுமதி பெருகிய 1980, 1990களில், தையல்காரர் அருகே நின்று கைமடிக்கவும் பிசிறு வெட்டவும் சிறுமியர் பள்ளியை விட்டு வந்தனர். பின்னர், சுற்றுவட்டார நூற்பாலைகள் சிலவற்றில் சுமங்கலித் திட்டம் புகுந்தது. ஏழை வீட்டுப் பெண் மூன்றாண்டு ஆலை விடுதியில் தங்கி உழைக்க வேண்டும். முடிவில் திருமணச் செலவுக்கென மொத்தமாக ஒரு தொகை. இடையில் நோயுற்று வெளியேறி, அத்தொகையை இழந்தோர் பலர். பெயரைப் பாருங்கள், சுமங்கலியாம்! நாகர்கோயில் சிறுமி பின்னியது தன் விடுதலைக்கு. இவள் நூற்றது வரதட்சணைக்கு. அவளுக்கு ஊசி பள்ளிக்குள்ளே கிடைத்தது. இவளையோ ஆலை பள்ளியிலிருந்தே பிரித்தது.

இருண்ட பக்கத்தை மட்டும் எழுதினால் நேர்மையாகாது. திருப்பூரில் ஆயிரக்கணக்கான சிறுமியர் பயிலும் ஜெய்வாபாய் பெண்கள் பள்ளி இருக்கிறது. 1971 முதல் எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கலைக்கல்லூரியும் இருக்கிறது. நாகர்கோயிலில் அன்று தொடங்கிய பள்ளி, டதி பெண்கள் பள்ளி என்னும் பெயரில் இருநூறு ஆண்டுகளைக் கடந்துவிட்டது.