தானுந்து எண்ணெய் வடிகட்டியைக் கழற்றுதல்

தானுந்து எண்ணெய் வடிகட்டி என்பது பொறியினுள் சுற்றிவரும் உயவு எண்ணெயில் கலந்துள்ள உலோகத் துகள், கரித்தூள், தூசி முதலியவற்றைப் பிரித்தெடுக்கும் உறுப்பு ஆகும். பேச்சுவழக்கில் இது ஆயில் ஃபில்டர் எனப்படுகின்றது. பொறி எண்ணெயை மாற்றும்போது பெரும்பாலும் வடிகட்டியும் சேர்த்தே மாற்றப்படும். திருகி மாட்டும் வகை வடிகட்டி பொதுவாகக் கையாலேயே இறுக்கப்படுவது. எனினும் பல மாதங்கள் பொறியின் சூட்டில் இருந்தபின், கையால் அசைக்க முடியாதவாறு அது இறுகிவிடுவது உண்டு. இறுகிய வடிகட்டியைத் தவறான முறையில் கழற்ற முயன்றால் அதன் தகர உறை கிழிந்து, வண்டியை நின்ற இடத்திலிருந்து ஓட்ட இயலாமற் போகலாம். கழற்றிய பின் பழைய இரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனியாது விட்டால் பொறியே பழுதாகக்கூடும்.

வரலாறு

தொடக்ககாலத் தானுந்துகளில் எண்ணெய் வடிகட்டி இருக்கவில்லை. எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாயில் கம்பிவலை மட்டும் பொருத்தப்பட்டிருந்தது. 1920-களில் அமெரிக்காவைச் சேர்ந்த எர்னஸ்ட் சுவீட்லண்டு, ஜார்ஜ் கிரீன்ஹால்ஜ் ஆகிய இருவரும் தானுந்துக்கான எண்ணெய் வடிகட்டியை உருவாக்கினர். அதற்கு அவர்கள் இட்ட பியூரோலேட்டர் என்னும் பெயர், தூய எண்ணெயைப் பின்னர் தருவது என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் ஆகும். அதன்பின் நெடுங்காலம், நிலையான உறைக்குள் வடிபொருளை மட்டும் மாற்றும் முறையே வழக்கில் இருந்தது. 1950-களில் உறையும் வடிபொருளும் ஒன்றாக அமைந்த, முழுமையாகத் திருகிக் கழற்றக்கூடிய வடிகட்டி அறிமுகமாகிப் பரவியது. அண்மைக் காலத்தில் பல நிறுவனங்கள், கழிவைக் குறைக்கும் நோக்கத்தோடு, மூடியைத் திறந்து தாள்சுருளை மட்டும் மாற்றும் பழைய முறைக்குத் திரும்பியுள்ளன.

அமைப்பு

திருகி மாட்டும் வடிகட்டியின் உறை மெல்லிய எஃகுத் தகட்டால் ஆனது. அதன் வாய்ப்பக்கத்தில் தடித்த அடித்தட்டு ஒன்று உள்ளது. அடித்தட்டின் நடுவே மரையிட்ட துளை உண்டு. அது பொறியின் உடலிலிருந்து நீளும் மரைத்தண்டில் ஏறும். பல தானுந்துகளில் இம்மரை 20 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. புரியிடைவெளியும் கொண்டது, முக்கால் அங்குல மரையும் பரவலாக உள்ளது. நடுத்துளையைச் சுற்றி உள்ள சிறு துளைகள் வழியாக எண்ணெய் உட்புகுந்து, மடிப்புத் தாளைக் கடந்து, நடுக்குழல் வழியாக வெளியேறும். அடித்தட்டின் விளிம்பை ஒட்டி அமைந்த இரப்பர் வளையம் எண்ணெய் கசியாமல் தடுக்கின்றது. பட்டறைகளில் இது காஸ்கெட் எனப்படும்.

இறுகுவதற்கான காரணங்கள்

வடிகட்டி இறுகுவதற்கு மரையில் துரு ஏறுவதே காரணம் என்று பலர் எண்ணுவர். ஆனால் மரை வளையத்துக்கு உட்புறமாக, எப்பொழுதும் எண்ணெயில் நனைந்திருக்கும் இடத்தில் உள்ளது. ஆதலால் அது துருப்பிடிப்பது அரிது. உண்மையில் பிடித்துக்கொள்வது இரப்பர் வளையமே. இதே காரணத்தால், துரு நீக்கும் தெளிப்பு எண்ணெய்களை வெளியிலிருந்து அடிப்பதால் பெரும் பயன் விளைவதில்லை. வளையத்தைத் தாண்டி அவை உள்ளே செல்வதில்லை.

வளையம் பிடித்துக்கொள்வதற்கான பொதுவான காரணங்கள் பின்வருமாறு:

* முந்தைய முறை மாட்டியபோது கருவியைக் கொண்டு அளவுக்கு மீறி இறுக்கியிருத்தல்
* வளையத்தில் எண்ணெய் பூசாமல் உலர்ந்த நிலையில் மாட்டியிருத்தல்
* நெடுநாள் வெப்பத்தில் இரப்பர் கெட்டிப்பட்டு உலோகப் பரப்போடு ஒட்டிக்கொள்ளுதல்
* உரிய காலத்தில் மாற்றாமல் விடுதல்

வளையம் நடுவிலிருந்து ஏறத்தாழ 3 செ.மீ. தொலைவில் உரசுகின்றது. கை பிடிக்கும் உறையின் ஆரமும் 4 செ.மீ. அளவே. ஆகவே வெறுங்கைக்கு நெம்பு பயன் ஏறத்தாழக் கிடைப்பதில்லை. 20 செ.மீ. கைப்பிடி உள்ள திருகுசாவி, அதே விசையில் ஏறத்தாழ ஐந்து மடங்கு திருப்புதிறனைத் தரும்.

முன்னேற்பாடுகள்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்திக் கைத்தடையை இட வேண்டும். வண்டியின் அடியில் புகுவதாயின் ஜாக்கியை மட்டும் நம்புதல் கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. தாங்குவதற்கு உரிய எஃகுத் தாங்கிகளின் மீது வண்டியை இருத்திய பின்னரே அடியில் செல்ல வேண்டும். இறுகிய வடிகட்டியை நெம்பும்போது வண்டி அசையும் என்பதால் இது உயிர்காக்கும் விதியாகும்.

ஓடி நின்ற பொறியின் எண்ணெய் 100 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் இருக்கக்கூடும். எனவே பொறியைச் சில நிமிடங்கள் ஓட்டி நிறுத்தி, தொடக்கூடிய இளஞ்சூட்டுக்கு ஆறவிட்டு வேலையைத் தொடங்குதல் நன்று. இளஞ்சூட்டில் இரப்பர் சற்றே இளகும். எண்ணெயும் எளிதில் வடியும். கையுறை அணிவது நல்லது. பழைய எண்ணெய் தோலில் அடிக்கடி படுவது தீங்கானது. மாற்ற வேண்டிய புதிய வடிகட்டி கையில் இருக்கின்றதா என்பதை முதலிலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும். பழையது கிழிந்துவிட்டால் அவ்வண்டியில் சென்று புதியதை வாங்கி வர இயலாது.

கழற்றும் முறைகள்

திருப்ப வேண்டிய திசை இடஞ்சுழி ஆகும். இத்திசை, உறையின் மூடிய முனையைப் பார்த்தபடி கணிக்கப்படும். வண்டியின் அடியில் படுத்தபடியோ, மேலிருந்து எட்டிப் பார்த்தபடியோ வேலை செய்வோர் திசையை மாற்றிக் கருதி மேலும் இறுக்கிவிடுவது உண்டு.

மென்மையான முறையில் தொடங்கி, அது பயன் தராதபோதே அடுத்ததற்குச் செல்ல வேண்டும்.

1. உறையில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கை நன்கு துடைத்து, உப்புத்தாளின் சொரசொரப்பான பக்கம் உறையில் படுமாறு சுற்றி, இரு கைகளாலும் திருப்புதல்.
2. கிண்ண வடிவத் திருகுசாவியை உறையின் முனையில் மாட்டித் திருப்புதல். உறையின் விட்டத்துக்கும் பட்டைகளின் எண்ணிக்கைக்கும் மிகச் சரியாகப் பொருந்தும் கிண்ணமே தேவை. தளர்வானது வழுக்கி உறையை மழுக்கிவிடும்.
3. பட்டை, வார் அல்லது சங்கிலி கொண்ட திருகுசாவியால் பிடித்துத் திருப்புதல். இக்கருவிகளை உறையின் நடுவில் அன்றி அடித்தட்டை ஒட்டிய பகுதியில் பொருத்த வேண்டும். அங்கே உறை வலுவாக இருப்பதால் நசுங்காது. நடுவில் பிடித்தால் மெல்லிய தகடு முறுக்கிக்கொள்ளுமே தவிர வளையம் அசையாது.
4. மூன்று கால்கள் கொண்ட இடுக்கி வகைத் திருகுசாவி. திருப்பத் திருப்ப இதன் கால்கள் உறையை மேலும் இறுகப் பற்றும். பக்கவாட்டில் கைப்பிடியைச் சுழற்ற இடமில்லாத பொறிகளுக்கு இது ஏற்றது.

விசையை ஒரே சீராகக் கூட்ட வேண்டும். வளையம் ஒருமுறை அசைந்துவிட்டால் மீதியைக் கையாலேயே திருப்பிவிடலாம். நெருப்பாலோ வெப்பக் காற்றாலோ சூடேற்றுதல் அறவே கூடாது, எண்ணெய் தீப்பற்றக்கூடியது.

திருப்புளியால் குத்தும் முறை

உறையின் ஊடே நீண்ட திருப்புளியை அடித்துச் செலுத்தி, அதையே நெம்புகோலாகக் கொண்டு திருப்பும் வழக்கம் பரவலாக உள்ளது. இது இறுதி வழியாகவே கொள்ளத்தக்கது. வளையம் உறுதியாக ஒட்டியிருந்தால், துளை நீண்டு உறை கிழியுமே அன்றி வடிகட்டி கழலாது. இம்முறையைக் கையாள நேரின், மரைத்தண்டில் படாத தொலைவில், அதே வேளை அடித்தட்டிலிருந்து மிகவும் விலகாமல் குத்த வேண்டும். துளையின் வழியே எண்ணெய் கொட்டும் என்பதால் அடியில் தட்டு வைத்திருத்தல் தேவை.

உறை கிழிந்தால்

உறை கிழிந்து அடித்தட்டு மட்டும் பொறியில் தங்கிவிட்டாலும் வழி உண்டு. எஞ்சிய தகட்டையும் தாள்சுருளையும் வெட்டி நீக்கிய பின், அடித்தட்டின் சிறு துளைகளுள் எதிரெதிரான இரண்டில் வலுவான ஆணிகளைச் செருகி, அவற்றிற்கிடையே இரும்புக் கம்பியைக் கொடுத்துத் திருப்பலாம். அல்லது அடித்தட்டின் விளிம்பில் உளியைச் சாய்வாக வைத்து, இடஞ்சுழியாகச் சிறிது சிறிதாகத் தட்டலாம். உளி பொறியின் பரப்பில் படுதல் கூடாது. அப்பரப்பு பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. அதில் விழும் கீறல் நிலையான கசிவுக்கு வழிவகுக்கும்.

மூடி வகை வடிகட்டிகள்

தாள்சுருளை மட்டும் மாற்றும் வகையில் இறுகுவது மூடியாகும். அது நெகிழியால் ஆனதாயின் சங்கிலியோ சுத்தியலோ பட்டால் வெடித்துவிடும். அம்மூடிக்கென உள்ள கிண்ணத் திருகுசாவியையே பயன்படுத்த வேண்டும். பல மூடிகளின் மீது 25 நியூட்டன் மீட்டர் என்பது போன்ற இறுக்க அளவு பொறிக்கப்பட்டிருக்கும்.

கழற்றிய பின்

கழற்றிய வடிகட்டியில் இரப்பர் வளையம் உள்ளதா என்பதை உடனே பார்க்க வேண்டும். இல்லையெனில் அது பொறியின் பரப்பில் ஒட்டியிருக்கும். அதன்மேல் புதிய வடிகட்டியை மாட்டினால் இரு வளையங்கள் ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்து, எண்ணெய் அழுத்தம் ஏறியதும் பிதுங்கிவிடும். பொறி எண்ணெய் சில நிமிடங்களிலேயே முழுதும் வெளியேறி, தாங்கிகள் தேய்ந்து பொறி இறுகி நின்றுவிடக்கூடும். மரைத்தண்டு வடிகட்டியோடு சேர்ந்து கழன்று வந்துள்ளதா என்பதையும் பார்த்தல் வேண்டும்.

பின்னர் பரப்பைத் துணியால் துடைத்து, புதிய வளையத்தில் புதிய எண்ணெயை மெல்லிதாகப் பூசி, கையால் திருகி ஏற்ற வேண்டும். வளையம் பரப்பைத் தொட்டபின் முக்கால் சுற்று இறுக்குவது பொது வழக்கம். சரியான அளவு வடிகட்டியின் மீதோ பெட்டியிலோ குறிக்கப்பட்டிருக்கும். 1.5 மி.மீ. புரியிடைவெளி கொண்ட மரையில் முக்கால் சுற்று என்பது வளையத்தை 1 மி.மீ.க்குச் சற்று மிகுதியாக அழுத்துவதாகும். கசிவைத் தடுக்க அதுவே போதும். மாட்டுவதற்குத் திருகுசாவியைப் பயன்படுத்தாமல் இருப்பதே, அடுத்த முறை வடிகட்டி இறுகாமல் இருக்கச் சிறந்த வழி எனலாம். இறுதியாகப் பொறியை ஓடவிட்டுக் கசிவு உள்ளதா எனப் பார்த்து, நிறுத்திய பின் எண்ணெய் மட்டத்தைச் சரிபார்க்க வேண்டும்.

கழிவு

கழற்றிய வடிகட்டியில் கணிசமான எண்ணெய் தங்கியிருக்கும். அதனைத் தலைகீழாகக் கவிழ்த்து வடியவிட்டு, பழைய எண்ணெயோடு மறுசுழற்சிக்கு அளிக்க வேண்டும். ஒரு முறை மாற்றும்போது வெளியேறும் எண்ணெய் பத்து இலட்சம் கேலன் நன்னீரை மாசுபடுத்தக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குறிப்பிடுகின்றது.

இவற்றையும் பார்க்கவும்

* உள் எரி பொறி
* உயவு எண்ணெய்
* திருகுசாவி
* நெம்புகோல்