பொழுதும் கலை வாழ்வும்: நெல்லைக் கொடைவிழாவும் ஒலி ஒளிபரப்பும்

பொழுதுக்கும் பாட்டுக்கும் உள்ள உறவைத் தமிழர் மிகப் பழங்காலத்திலேயே வரையறுத்துக் கண்டனர். தொல்காப்பியம் முல்லைக்கு மாலையையும், குறிஞ்சிக்கு யாமத்தையும், பாலைக்கு நண்பகலையும் உரிமையாக்கியது. தேவாரப் பண்களைப் பகற்பண், இராப்பண், பொதுப்பண் எனப் பகுத்துப் பாடுதல் ஓதுவார் மரபு. இவ்வகுப்புக்களைச் சுவை பற்றியனவாக மட்டுமே கொண்டு அமைவது நம்மனோர் வழக்கம். ஒரு கலை நிலைபெறுதற்கும் நலிதற்கும் அதற்கு வாய்த்த பொழுது எத்துணைக் காரணமாகின்றது என்னும் வினாவோ அரிதாகவே எழுப்பப்படுகின்றது. பொருநைக்கரை நாட்டின் கொடைவிழா, வானொலி, தொலைக்காட்சி ஆகிய மூன்றையும் ஒருங்கு வைத்து அவ்வினாவை ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

கோயில் முற்றத்துக் கூத்தையும் மின்கருவியின் காட்சியையும் ஒருங்கு வைத்தல் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். பொருந்தும் என்பதே எம் கருத்து. மூன்றிடத்தும் கலைஞன் தன் பொழுதைத் தானே தேர்ந்துகொள்வதில்லை. பிறர் குறித்துக் கொடுக்கின்றனர். கொடையில் ஊர்ப் பெரியவர்களும் வரிதாரர்களும், வானொலியில் நிலைய அலுவலர், தனியார் தொலைக்காட்சியில் விளம்பரம் தருவோர் எனக் குறிப்போர் வேறுபடுவரேயன்றி, குறிக்கப்படுவோன் நிலை ஒன்றே.

கொடைவிழாவின் அமைப்பை முதற்கண் நோக்குவோம். குடியழைப்பு, மதியக்கொடை, சாமக்கொடை என அதன் பொழுதுகள் வழிபாட்டோடு பிணைந்தவை. வில்லிசைப் புலவர் உடுக்கு, குடம், தாளம் முதலிய பக்கக் கருவிகளுடன் தெய்வத்தின் எதிரே அமர்ந்து அத்தெய்வத்தின் கதையையே பாடுவார். கதை உச்சமடையும் இடமும் சாமியாடி அருள்கொண்டு எழும் நேரமும் ஒத்து வருமாறு பாட்டை நீட்டியும் சுருக்கியும் கொண்டு செல்வதில் அவர் புலமை விளங்கும். சுடலைமாடன் கோயில்களில் நிகழும் கணியான் கூத்தோ சாமக்கொடைக்கே உரியது. அண்ணாவி பாட, மகுடம் முழங்க, பெண்வேடம் புனைந்த இருவர் ஆடுவர். கைவெட்டு என்னும் குருதிச் சடங்கும் அந்நள்ளிரவிலேயே நிகழும்.

ஈண்டு ஒன்று கருதற்பாலது. சாமக்கொடை நேரத்தில் ஊரார் பலர் உறங்கிவிடுவர். குழந்தைகள் பந்தலிலேயே துயில்வர். அவையோரின் தொகையை எண்ணி அளவிட்டால் கணியான் கூத்து என்றோ கைவிடப்பட்டிருக்க வேண்டும். ஆயினும் கைவிடப்படவில்லை. அப்பொழுதில் அக்கூத்து நிகழாவிடின் கொடை நிறைவெய்தாது என்னும் நம்பிக்கை அதற்கு அரணாயிற்று. பார்ப்போர் பத்துப்பேராயினும் கூத்து நடந்தே தீரும். இத்தகைய காப்பு வில்லுப்பாட்டுக்கு அவ்வளவு உறுதியாக இல்லை. அது வழிபாட்டுக்கும் உரியது, பொழுதுபோக்குக்கும் உரியது. எனவே கரகாட்டமும், பின்னர்த் திரைப்பாடல் மெல்லிசைக் குழுக்களும் கொடைப்பந்தலுள் புகுந்தபோது, முன்னிரவுப் பொழுதை அவற்றுக்கு விட்டுக்கொடுத்து, வில்லுப்பாட்டே பல ஊர்களில் வெயிற்பொழுதுக்கு ஒதுங்கிற்று. பகலில் கேட்போர் குறைவு; குறைவென்பதே அடுத்த ஆண்டில் நேரத்தை மேலும் குறுக்குதற்குக் காரணமாகக் காட்டப்படும். நேரத்தைப் பறித்தபின், கேட்பார் இல்லை என்று கலையின்மேற் குற்றம் சுமத்தும் இவ்வழக்கு பந்தலோடு நிற்பதன்று.

வானொலிக்கு வருவோம். 1952-இல் செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சரான பா. வி. கேஸ்கர், திரைப்பாடல்களை அகில இந்திய வானொலியிலிருந்து பெரிதும் விலக்கினார். செவ்விசைக்கு நற்பொழுதுகளை வழங்குதலே அவர் நோக்கம். விளைவு வேறாயிற்று. மக்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியைக் கேட்கத் தொடங்கினர். கடல் கடந்து வந்த அவ்வொலி நெல்லைச் சீமையின் தேநீர்க் கடைகளில் உள்ளூர் ஒலிபோலவே கேட்டது. 1957 அக்டோபர் 3-இல் விவித பாரதி தொடங்கப்பட்டது இவ்விழப்பை ஈடுசெய்தற்கே. எனவே 1963 டிசம்பர் 1-இல் திருநெல்வேலி வானொலி நிலையம் தோன்றியபோது, அது தன் செவியை ஏற்கெனவே வேறோர் இடத்தில் வைத்துவிட்ட ஒரு நாட்டில் தோன்றிற்று என்க.

கேஸ்கர் செவ்விசையை விரும்பியது பிழையன்று. கேட்போன் கையில் ஒரு திருகு உண்டு என்பதை எண்ணாமையே பிழை. ஆனால் அவர் காலத்து ஏற்பாடு முழுதும் தோற்றது என்பதும் உண்மையன்று. அதே 1952-இல் தொடங்கிய தேசிய இசை நிகழ்ச்சி, சனிக்கிழமை இரவு என்னும் ஒரே பொழுதைப் பற்றிக்கொண்டு பன்னெடுங்காலம் நிலைத்தது. கேட்போர் சிலரே, ஆயினும் அச்சிலர் அப்பொழுதை அறிவர். நாள்முழுதும் திணிக்கப்பட்டபோது வெறுக்கப்பட்ட இசை, ஒரு நாளின் ஓர் இரவில் மாறாது வைக்கப்பட்டபோது தனக்குரிய அவையைத் திரட்டிக்கொண்டது. கேட்போர் தொகையால் அளக்கவியலாத பயனும் உண்டு. ஆடுதுறை 27 என்னும் நெல்வகையைத் தஞ்சை உழவர் 'வானொலி நெல்' என வழங்கினர். திரைப்பாட்டு நிகழ்ச்சி எதற்கும் அத்தகைய பெயர்ப்பேறு வாய்த்ததில்லை.

வில்லுப்பாட்டும் வானொலியுட் புகுந்தது. நெல்லை மாவட்டத்துச் சத்திரம் புதுக்குளத்தில் 1928-இல் பிறந்த சுப்பு ஆறுமுகம் அதனை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் ஏற்ற வடிவில் அமைத்து நாடெங்கும் அறியச் செய்தார். 2021-இல் பத்மஸ்ரீ பட்டமும் பெற்றார், 2022-இல் மறைந்தார். அவர் தொண்டு பெரிது. ஆயினும் இரவெல்லாம் பாடப்பெறும் ஒரு கதைக்கு அரைமணி அளித்தால் என்னாகும் என்பதையும் நோக்கவேண்டும். முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்வோம். பாபநாசத்தை ஒட்டிய பொதிகைக் காட்டில் நிகழும் அக்கதையை நா. வானமாமலை பதிப்பித்துள்ளார். அந்தணனாகிய பட்டன், பொம்மக்கா, திம்மக்கா என்னும் அருந்ததியர் குலப் பெண்கள் இருவரை மணக்க விழைகின்றான். அவர்தம் தந்தை வாலப்பகடை, பூணூலையும் குடுமியையும் களைந்து தோற்றொழில் பழகிவந்தாலன்றிப் பெண் தரேன் என்கின்றான். கதையின் உயிர்நிலை இவ்வுரையாடலே. ஆனிரை மீட்கும் போரும், பட்டன் சாவும், மனைவியர் தீப்புகுதலும் அதன்பின் வருவன. அரைமணிக்குள் பாடவேண்டின் எதனைக் குறைப்பது? போரைக் குறைப்பின் விறுவிறுப்புக் கெடும். ஆதலின் உரையாடலே குறைக்கப்படும். குலவேற்றுமையைக் கேள்விக்குள்ளாக்கிய ஒரு கதை, வெறும் வீரக்கதையாகச் சுருங்கும். நேர அளவு கதையின் பொருளையே மாற்றவல்லது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

தொலைக்காட்சி வரலாற்றைச் சுருங்கக் கூறுதும். சென்னைத் தூரதர்சன் 1975 ஆகஸ்டு 15-இல் தொடங்கிற்று. ஓர் அலைவரிசையே இருந்த காலத்தில் காட்டியதெல்லாம் பார்க்கப்பட்டது. 'வயலும் வாழ்வும்' நகரத்தாராலும் பார்க்கப்பட்டது. 1982 ஆகஸ்டு முதல் தில்லியின் தேசிய நிகழ்ச்சி இரவின் நற்பொழுதைக் கவர்ந்துகொள்ள, தமிழ் நிகழ்ச்சிகள் மாலைக்குள் அடங்கின. 1993 ஏப்ரல் 14-இல் சன் தொலைக்காட்சி தோன்றியதும், அவ்விரவுப் பொழுதில் ஆதரவற்றிருந்த தமிழ்ப் பார்வையாளர் அங்குக் குடிபெயர்ந்தனர். மக்கள் நல்ல நிகழ்ச்சிகளை வெறுத்து அகன்றனர் என்னும் கூற்று, இக்கால வரிசையை மறந்தவர் கூற்று. பின்னர் நம் மலையின் பெயரையே தாங்கிப் 'பொதிகை' என விளங்கிய அவ்வலைவரிசை, 2024 சனவரியில் 'டிடி தமிழ்' எனப் பெயர்மாற்றம் பெற்றது.

அமெரிக்க நாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. 'ஸ்டார் டிரெக்' என்னும் தொடரை என்.பி.சி. நிறுவனம் அதன் மூன்றாம் பருவத்தில் வெள்ளி இரவு பத்து மணிக்குத் தள்ளியது. அதனை விரும்பிய இளைஞர் வீட்டிலிராத பொழுது அது. 1969-இல் தொடர் நின்றது. அதே நிறுவனம் 1982-இல் தொடங்கிய 'சியர்ஸ்' தொடர் முதலாண்டில் பார்வையாளர் வரிசையின் அடியிற் கிடந்தது, எனினும் பொறுத்திருந்தனர். 1984-இல் பெருவரவேற்புப் பெற்ற 'காஸ்பி ஷோ' அதே வியாழன் மாலையில் இடம்பெற, அதன் நிழலில் 'சியர்சும்' தழைத்து 1993 வரை ஓடியது. வலியதன் பின்னே மெலியதை வைத்துக் காத்தல், வில்லுப்பாட்டை மெல்லிசைக்கு எதிரே நிறுத்தாமல் அதற்கு முன்னோ பின்னோ நன்னேரத்தில் வைப்பதை ஒக்கும். கொடைப் பெரியவர்கள் இதனை அறியாதவரல்லர்; மேடை ஒப்பந்தக்காரரின் வற்புறுத்தல் அவர்தம் அறிவை வென்றுவிடுகின்றது.

இனி, அண்மைக்காலத்துப் பொழுது வரையறை ஒன்றையும் குறித்தல் வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இரவு பத்து முதல் காலை ஆறு மணிவரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. மாநில அரசு ஆண்டில் பதினைந்து நாளுக்கு மேற்படாமல் நள்ளிரவு வரை விலக்கு அளிக்கலாம். இதனால் மெல்லிசைக்குழு பத்து மணிக்குள் முடித்தாக வேண்டும். எனவே முன்னிரவு முழுதும் அதற்கே ஆயிற்று. ஒலிபெருக்கியைச் சார்ந்துவிட்ட வில்லிசைக்கு எப்பொழுதும் இல்லையாயிற்று. ஆனால் மகுடத்துக்கு ஒலிபெருக்கி வேண்டுவதில்லை. அதன் முழக்கம் ஊர் எல்லை வரை தானே கேட்கும். சீவலப்பேரி முதலிய சுடலைக் கோயில்களின் நள்ளிரவு, போட்டியாளர் எவருமின்றிக் கணியானுக்கு எஞ்சிற்று. அப்பொழுதுக்கு அண்ணாவிக்குக் கொடுக்கும் ஊதியம் மெல்லிசைக் குழுவின் ஊதியத்தில் எத்தனையில் ஒரு பங்கு என்பதைக் கொடைக் கணக்கேடுகளிலிருந்து தொகுப்பது, இத்துறையில் ஆய்வு மேற்கொள்ளும் மாணவர் அடுத்துச் செய்யத்தக்க பணியாகும்.