மாமையும் வெயிலும்

சங்கப் பாடல்களில் பசலை பற்றி நடத்தும்போது ஆண்டுதோறும் யாராவது ஒருத்தி கேட்பாள்: "வெளுத்துப்போனா நல்லதுதானே மேடம்?" வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்புக்கு ஒரு வரலாறு உண்டு.

குறுந்தொகை 27ஆம் பாட்டில் வெள்ளிவீதியார் பாடும் துயரம், தலைவியின் மாமையைப் பசலை தின்பதுதான். திருக்குறளில் பசப்புக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. மாமையைக் கறுப்பு என்று நேராகச் சொல்லிவிட முடியாது. மாந்தளிரின் நிறம் என்பார்கள் உரைகாரர்கள். எப்படியானாலும், அந்தப் பாடல்களில் வெளிறுதல் நோய், அழகல்ல.

இன்று வெளிறுதல் வரம். 1975இல் ஃபேர் அண்ட் லவ்லி சந்தைக்கு வந்தது. என் மாணவிகளின் அம்மாக்கள் அதன் விளம்பரங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். 2020இல் பெயரிலிருந்து 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. இப்போது மகள்களின் கைப்பையில் சன்ஸ்கிரீன். எதற்கென்று கேட்டால் தோல் புற்றுநோய் என்றோ மங்கு என்றோ ஒருத்தியும் சொல்வதில்லை. "டேன் ஆயிடும் மேடம்."

ஐரோப்பியச் சீமாட்டிகளுக்கும் இந்த அச்சம் இருந்தது. வயலில் வேலை செய்பவள் கறுத்திருந்தவரை அவர்கள் குடை பிடித்தார்கள். உழைப்பு ஆலைக் கூரைக்குள் போய், கடற்கரை விடுமுறை வசதியின் அடையாளமானதும், 1920களில் வெயிலில் கறுத்த உடல் நாகரிகமானது. பின்னாளில் இளம்பெண்கள் காசு கொடுத்துப் புற ஊதா விளக்குப் படுக்கைகளில் படுத்தார்கள். 2009இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அந்தப் படுக்கைகளைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்தியது.

இங்கே உழைப்பு அப்படிக் கூரைக்குள் போய்விடவில்லை. நாற்று நடுகிறவள் இன்னும் வெயிலில்தான் நிற்கிறாள். அவளைப் போலத் தெரிந்துவிடக் கூடாது என்ற பயத்தில் சாதி இருக்கிறது. அழகுக்குறிப்பு எழுதுகிறவர்கள் அதை மட்டும் எழுதுவதில்லை.

சன்ஸ்கிரீன் மேல் எனக்குக் கோபமில்லை. மங்கு படர்ந்த முகத்துக்கு அது மருந்து மாதிரி. சென்ற ஆண்டு ஓட்டப்பந்தய அணியிலிருந்து ஒருத்தி விலகினாள். நன்றாக ஓடுகிறவள். "பொண்ணு பாக்க வராங்க, வெயில்ல நிக்க வேணாம்னு அம்மா சொல்லிட்டாங்க" என்றாள். அந்த அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். தலையில் துண்டு, சேலைக்கு மேல் கணவரின் முழுக்கைச் சட்டை. வேலையிடத்தில் இளைப்பாற நிழல் இருக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அவர் மண் வெட்டிய ஏரிக்கரையில் ஒரு கீற்றுப் பந்தல்கூட இல்லை.